மாட்டுங்காவில் நிற்காத ரயில்

"ரிப்பேர் ஆவுமா ஜெபா?" என்று யாராவது கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எப்போது ஆகும் என்று கேளுங்கள், சொல்கிறேன். ஆகுமா என்பதெல்லாம் வேறு கடையில் கேட்கிற கேள்வி. தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் 'ஜெபா கம்ப்யூட்டர்ஸ்' என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறேன். மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் குடித்த கம்ப்யூட்டரைக்கூட எழுப்பி ஓட வைத்துக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட என்னையே ஒரு கீபோர்டு சுற்றலில் விட்டது. சும்மா விடவில்லை, என் சிநேகிதியின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

சிநேகிதி பெயர் பூமாரி. நானும் அவளும் ஒரே முனிசிபல் பள்ளிக்கூடம், ஒரே பெஞ்ச். அவள் அப்பா இசக்கிமுத்து மாமா வீட்டிலேயே முறுக்கு போட்டு, பாக்கெட் செய்து, சயான், மாட்டுங்கா கடைகளுக்குக் கொடுக்கிறார். அம்மா இல்லாத வீடு. மாவு பிசைவதும் பிழிவதும் பூமாரிதான். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே படித்து, மெட்ரோ ரயில் ஓட்டுகிற வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியும் விட்டாள். ரயில் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். லேடீஸ் டப்பாவில் நாங்கள் எல்லோரும் நசுங்கிக்கொண்டு நிற்போம். இவள் மட்டும், "மோட்டார்மேன் கேபினில எவ்வளவு இடம் கெடக்கு பாத்தியாட்டி" என்பாள்.

இனி மிச்சம் ஒரே ஒரு சோதனை. திரைக்கு முன்னால் உட்கார வைத்து, கண்ணும் கையும் ஒன்றாகப் போகிறதா, விளக்கு எரிந்ததும் கை எத்தனை சீக்கிரம் அசைகிறது என்று பார்ப்பார்கள். அதில் தவறினால் அவ்வளவுதான். அடுத்த தடவை ஆள் எடுப்பதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும். அதனால் நான்தான் ஒரு யோசனை செய்து, அவள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பொருத்தி, ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். விளையாட்டு என்று பெயர்தானே தவிர, நிஜ ரயில் மாதிரியே கனம் காட்டும். குர்லா, சயான், மாட்டுங்கா, தாதர் என்று நம் லோக்கல் பாதையே அதில் உண்டு. கீபோர்டில் பிரேக் போட ஒரு கீ, போட்ட பிரேக்கைத் தளர்த்தி விடுவதற்கு அதை ஒட்டிய அடுத்த கீ. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பிளாட்பாரம் முடிகிற இடத்தில் இருக்கும் பலகைக்கு நேராக வண்டியை நிறுத்த வேண்டும்.

அவளால் நிறுத்த முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் கீபோர்டை ஒரு துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள்.

"ஏட்டி, இந்தச் சவம் நான் சொல்லுததைக் கேக்கவே மாட்டேங்கு. பிரேக்கைப் போட்டா அதுவே விட்டுருது. மாட்டுங்காவில நிறுத்தச் சொன்னா தாதருக்குப் பாதி வழி போயிருது."

"கொண்டா இங்கன."

கடைக் கம்ப்யூட்டரில் செருகினேன். ஒவ்வொரு கீயாக அழுத்தினால் திரையில் அந்தந்தக் கட்டம் எரிகிற சின்ன புரோகிராம் ஒன்று என்னிடம் உண்டு. அழுத்தினேன். எல்லாம் ஒழுங்காக எரிந்தன. பிரேக் போடுகிற கீயும் எரிந்தது, விடுகிற கீயும் எரிந்தது. எதை அழுத்தினேனோ அது மட்டும்.

"நல்லாத்தானட்டி இருக்கு."

"வீட்டுல அப்படிச் செய்யலயே."

சரி, எதற்கு வம்பு என்று என் கடையில் இருந்து வேறு கீபோர்டு கொடுத்து அனுப்பினேன். கொஞ்ச நாளில் அதையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அதே புகார். அதையும் சோதித்தேன். அதுவும் தங்கம் மாதிரி வேலை செய்தது. இரண்டு கீபோர்டும் ஒரே மாதிரி கெட்டுப் போகாது. அப்படியென்றால் கோளாறு கீபோர்டில் இல்லை, விளையாட்டில். எனக்கு ஏக்தம் உற்சாகம் வந்துவிட்டது. "சி.பி.யு.வைத் தூக்கிட்டு வா, ஒரு கை பாத்துருதேன்" என்றேன்.

அப்பாவின் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். விளையாட்டின் செட்டிங்கில் எந்தக் கீக்கு எந்த வேலை என்று பார்த்தேன். சரி. மராத்தி டைப்பிங் பழக அவள் போட்டு வைத்திருந்த மராத்தி கீபோர்டு குறுக்கே வருகிறதா என்று பார்த்து, அதையும் எடுத்துவிட்டேன். கீயை அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டராகவே ஏதோ புத்திசாலித்தனம் செய்கிற வசதி ஒன்று உண்டு, அதையும் அணைத்தேன். கடைசியில் விளையாட்டையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். போட்டு, நானே ஓட்டிப் பார்த்தேன். மாட்டுங்காவில் பலகைக்கு நேராக, குலுங்காமல் நின்றது வண்டி.

"எப்படி?" என்றேன். இந்த 'எப்படி'யை நான் கொஞ்சம் இழுத்தே சொல்வேன்.

"நானும் ஒரு தடவை ஓட்டுதேன்" என்று உட்கார்ந்தாள் பூமாரி. சயானை விட்டுக் கிளம்பினாள். நன்றாகத்தான் போனாள். பிளாட்பாரம் கண்ணில் படும் முன்பே பிரேக்கை அழுத்தினாள். வண்டி பிளாட்பாரத்துக்கு வெளியே, தண்டவாளத்து நடுவில் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினாள். மறுபடி முன்னாலேயே நின்றது.

வீட்டில் தாண்டிப் போகிறது, இங்கே எட்டாமல் நிற்கிறது. கீபோர்டு மாற்றியாயிற்று, விளையாட்டு மாற்றியாயிற்று. கடையில் வேறு ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, "தீதி, கித்னா டைம்?", இன்னும் எவ்வளவு நேரம் என்று பிடுங்கிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏட்டி, எல்லாத்தையும் பாத்தாச்சு. மிஷின் மேல தப்பு இல்ல. உன் கைதாம்ட்டி சரியில்ல."

சொன்ன வேகத்தில் அடுத்த லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். பூமாரி எழுந்தாள். சி.பி.யு.வை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு கடைப் பக்கம் வரவில்லை. தீபாவளி நெருங்குகிறது, முறுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

சோதனைக்கு முந்தின நாள் இசக்கிமுத்து மாமா என் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்கு முறுக்கு பாக்கெட் போட வந்தார்.

"மாமா, நாளைக்குத்தான டெஸ்ட்? பூமாரி எப்படி இருக்கா?"

அவர் பாக்கெட்டுகளை எண்ணாமல் அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் தள்ளினார். "அவ போவலையாம். போன வாரமே சொல்லிட்டா. கை சரியில்லையாம்லா. நீதான் பாத்துச் சொன்னியாமே?"

நான் அவர் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"நான் என்னத்தச் சொல்ல? நமக்கு ரயிலைப் பத்தித் தெரியுமா, கம்ப்யூட்டரைப் பத்தித் தெரியுமா?" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். முகத்தில் ஒரு வருத்தம் இல்லை. எப்படி இருக்கும்? தீபாவளி ஆர்டர் நேரத்தில் பிழிகிற கை வீட்டோடு இருந்தால் அவருக்கு நல்லதுதானே. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. தோன்றியதும் உடம்பெல்லாம் எரிந்தது. பட்டப்பகலில் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு அவர்கள் வீட்டுக்கு நடந்தேன்.

கீழே அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும். இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. அங்கேதான் கம்ப்யூட்டர். பூமாரி தரையில் உட்கார்ந்து முறுக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எழும்புட்டி. ஓட்டு, நான் பாக்கேன்" என்றேன்.

"வேண்டாம் ஜெபா. நீதான சொன்ன? சொன்னது சரிதான். இந்தக் கையை வச்சுக்கிட்டு அங்கன போயி அசிங்கப்படணுமா? முறுக்கு பிழியத்தான் லாயக்கு."

"அழுது வடியாத. எழும்பு."

அவளை நகர்த்திவிட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நானே உட்கார்ந்தேன். கீபோர்டில் கை வைத்தேன். வழுக்கியது.

குனிந்து பார்த்தேன். கீபோர்டு முழுவதற்கும் பிளாஸ்டிக் உறை. சும்மா போட்ட உறை இல்லை. முறுக்கு பாக்கெட்டைச் சுற்றி சூடு காட்டினால் சுருங்கி இறுகுமே, அந்தப் பிளாஸ்டிக். மத்தளத் தோல் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. சுற்றிலும் பார்த்தேன். டி.வி. ரிமோட்டுக்கு அதே உறை. ஃபிரிஜ் கைப்பிடிக்கு அதே உறை. சுவர்க் கடிகாரத்தையும் விட்டு வைக்கவில்லை.

பிரேக் போடுகிற கீயை மெல்லத் தட்டினேன். சரியாக இருந்தது. அழுத்திப் பிடித்தேன். பிளாஸ்டிக் இழுபட்டது, பக்கத்துக் கீயும் கூடவே கீழே போனது. பிரேக் போடுகிற கீக்குப் பக்கத்தில் எது? பிரேக்கை விடுகிற கீ. இவள் பாவம், வண்டியை நிறுத்த உயிரைக் கொடுத்து அழுத்த அழுத்த, அடுத்த கீயும் இறங்கி பிரேக்கை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

தலையில் அடித்துக்கொண்டேன். "ஏட்டி கூறு கெட்டவளே! இதை எப்பம் போட்டது?"

"எதை?"

"இந்தக் கவரைத்தாம்ட்டி!"

"அது எப்பவும் போட்டிருக்கதுதான. எண்ணெயும் மாவும் பறக்க வீடு, அப்பா எல்லாத்துக்கும் போட்டுருவாவ."

"கடைக்குக் கொண்டாந்தப்ப இல்லையே?"

"பிசுக்குக் கவரோட கொண்டாந்தா நீ கத்துவல்லா? கிழிச்சுப் போட்டு, நல்லாத் துடைச்சுக் கொண்டாருவேன். நீ குடுத்தனுப்பினதும் அப்பா புதுசா ஒண்ணு போட்டுருவாவ."

டாக்டரிடம் கூட்டிப்போகும் முன் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போடுகிற மாதிரி, நோயைத் துடைத்துவிட்டல்லவா என்னிடம் கொண்டுவந்திருக்கிறாள்! நான் கொடுத்த இரண்டாவது கீபோர்டுக்கும் அன்றைக்கே உறை மாட்டியாகிவிட்டது. அப்புறம் எத்தனை விளையாட்டை அழித்து எழுதி என்ன பிரயோஜனம்?

நான் போட்ட சத்தத்தில், அதற்குள் வீடு திரும்பியிருந்த இசக்கிமுத்து மாமா ஏணியில் ஏறி வந்தார். எனக்கு அந்த நேரத்தில் நிதானம் இல்லை. என் வாயால் அவள் மனதை ஒடித்துவிட்டேனே என்ற குற்ற உணர்ச்சி உள்ளே குடைந்துகொண்டிருந்தது. அதை யார் தலையிலாவது கட்டினால் தேவலை என்று இருந்தது.

"மாமா, இவ வேலைக்குப் போவக்கூடாதுன்னு வேணும்னே செஞ்சியளா?"

அடுப்பில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மேலே வரை கேட்டது.

"ஜெபா, வாயை மூடு" என்றாள் பூமாரி. இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிச் சொன்னதே இல்லை. "எங்க அப்பாவைச் சொல்லாத."

மாமா என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் இருந்து பாக்கெட் வெட்டுகிற பிளேடை எடுத்தார். கீபோர்டின் ஓரத்தில் ஒரே இழுப்பு. உறை சுருண்டு கழன்றது. அதைக் கையில் கசக்கிக்கொண்டு, "எண்ணெ படாம புதுசா இருக்கட்டும்னு போட்டேன். வேற ஒண்ணும் தெரியாது" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அப்போது நேரம் இல்லை.

"ஓட்டு" என்றேன்.

ஓட்டினாள். உறை இல்லாத கீபோர்டில் வண்டி பிளாட்பாரத்துக்கு முன்னாலேயே நின்றது. என் கடையில் நின்ற அதே மாதிரி. அவள் கையை மடியில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா? இப்பம் கவரும் இல்ல. இப்பம் எதைக் குத்தம் சொல்ல?"

எனக்கோ அந்த நிமிஷம் எல்லாம் விளங்கிவிட்டது. சிரிப்புத் தாங்கவில்லை.

"அடியே கிறுக்கி! பிரேக் நிக்காதுன்னு தெரிஞ்சு நீ முன்னாடியே போட்டுப் பழகிட்டட்டி. அதான் நல்ல கீபோர்டுல சீக்கிரம் நிக்குது. அன்னைக்குக் கடையிலயும் அதான் நடந்தது. உன் கை மந்தம் இல்ல. பிரேக்கு கெட்ட வண்டியவே சமாளிச்சு ஓட்டப் பாத்திருக்கு. இதைவிட நல்ல கை யாருக்கு இருக்கு? நான்தான் புரியாம உளறிட்டேன். அன்னைக்குச் சொன்னது தப்புட்டி. என்னை நாலு சாத்து சாத்து."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு நிஜமாகவே முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது. முறுக்கு பிழிகிற கை அல்லவா?

"தள்ளு அங்கிட்டு" என்று திரைக்கு நேராக உட்கார்ந்தாள்.

முதலில் கொஞ்சம் முன்னால் நின்றது. அடுத்து இன்னும் கொஞ்சம் உள்ளே. சயானில் இருந்து கிளம்புவதும் மாட்டுங்காவில் நிற்பதுமாக ஓட்டிக்கொண்டே இருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அவசரப்படாத", "இப்பம் போடு", "போடாத போடாத" என்று கத்தினேன். "நீ கொஞ்சம் சும்மா கெடயேன்" என்று திட்டு வாங்கினேன். பொழுது சாய்கிற நேரத்தில் பலகை திரையில் கேபின் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. இம்மி பிசகவில்லை. மறுபடி ஓட்டினாள், மறுபடி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் இனி நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. தோளை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குப் போறேன்" என்றாள். உடனே குரலைத் தாழ்த்தி, "ஆனா கெடச்சா உடனே டிரெய்னிங்குக்குக் கூப்பிடுவாங்கட்டி. தீவாளி ஆர்டரு அப்படியே நிக்குது. அப்பா ஒத்தையில என்ன செய்வாவ?" என்றாள்.

"முதல்ல கெடைக்கட்டும்."

கீழே இறங்கும்போது மாமா சட்டியில் இருந்து முறுக்கை அரித்து எடுத்துக்கொண்டிருந்தார். "வாரேன் மாமா" என்றேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

சோதனை செம்பூரில் ஒரு பெரிய கட்டடத்தில். மறுநாள் நானும் கடையைத் திறக்காமல் கூடப் போனேன். மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார், ஆனால் பேசவில்லை. பூமாரி உள்ளே போனாள். அவளுக்குப் பதற்றம் இல்லை. கேட்டைத் தாண்டும்போது திரும்பி எங்களுக்குக் கை காட்டிவிட்டுத்தான் போனாள். நாங்கள் இரண்டு பேரும் எதிரே வேப்ப மரத்தடியில் தள்ளித் தள்ளி நின்றோம். நேற்றைய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்தேன். அவர் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கடந்து பூமாரி வெளியே வந்தாள். நடந்து வந்தவள் பாதியில் ஓட ஆரம்பித்தாள். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"தேறிட்டேன்! அப்பமே பேரைச் சொல்லிட்டாங்க. கை நல்ல வேகம்னு ஒரு மேடம் சொன்னாங்கட்டி!"

நான் அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! ஆனால் அவள் என் பிடியில் இருந்து விலகி அப்பா முன்னால் போய் நின்றாள். சந்தோஷமெல்லாம் வடிந்து, தப்புச் செய்துவிட்டு வந்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பா, திங்கக்கிழமையே டிரெய்னிங்குக்கு வரச் சொல்லிட்டாங்க. தீவாளி ஆர்டரு இருக்கே. யாரு பிழிவா?"

"விஜயலட்சுமி வாரா."

"எந்த விஜயலட்சுமி?"

"நம்ம ராஜபாண்டி பொண்டாட்டிதான். தீவாளி முடிஞ்சும் அவளே இருக்கட்டும்னு போன வாரமே பேசி முடிச்சாச்சு."

பூமாரி நிமிர்ந்தாள். "போன வாரமா? போன வாரம் நான் போவலன்னுல்லா சொல்லிட்டு இருந்தேன்?"

"சொன்ன. அழுத. எல்லாம் கேட்டேன்" என்றார் இசக்கிமுத்து மாமா. "உன் அழுகையை நம்பி நான் ஆள் பாக்காம இருந்துட்டா, நீ இந்தா வந்து நிக்கியே, இன்னைக்கு நான் எங்கன போயி ஆள் தேட?"

பூமாரி அவர் வெள்ளைச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் மரத்துப் பக்கம் திரும்பி நின்று, துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.